புதுப்பிப்பு: விடுதியின் மின்னஞ்சல் இப்போது ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது

பண்டாரவளையில் நாங்கள் நடத்தும் சிறு விடுதிக்குச் சொந்த டொமைனில் (இணையப் பெயரில்) மின்னஞ்சல் அமைத்த பிறகு, அனுப்பும் கடிதமெல்லாம் விருந்தினரின் ஸ்பேம் பெட்டியில் விழுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். காரணம் அகப்பட்டுவிட்டது.

டொமைனின் அமைப்புகளில் இருக்கும் எம்எக்ஸ் பதிவுகளில் தவறில்லை. அவை உள்ளே வரும் அஞ்சலுக்கு மட்டுமே வழிகாட்டுபவை. நானோ வெளியே போகும் அஞ்சலின் கோளாறை அங்கேயே மூன்று நாள் தேடிக்கொண்டிருந்தேன். வினை எஸ்பிஎஃப் பதிவில், அதாவது எங்கள் டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் பதிவில் இருந்தது. இணையத்தளம் செய்துகொடுத்த தம்பி ஏற்கெனவே ஒன்று போட்டிருக்கிறார். அஞ்சல் சேவைக்காக நான் இன்னொன்றைச் சேர்த்துவிட்டேன். ஒரு டொமைனுக்கு அந்தப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால், பெறும் சர்வர் எதையும் எடுத்துக்கொள்ளாமல் பிழை என்று முடித்துவிடும். இரண்டையும் ஒரே வரியாக இணைத்தேன். கையோடு டிகேஐஎம் சாவியையும் சேர்த்தேன்; அஞ்சலில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பம் எங்கள் டொமைனுடையதுதானா என்று சரிபார்க்க உதவுவது அது. 2024 பெப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு அனுப்புவோரிடம் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றையாவது கேட்கிறது.

பழைய பதிவை மற்றச் சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம் (டிடிஎல்) 3600 விநாடி என்றிருந்ததால் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். மழையில் மின்சாரமும் போய்விட்டது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், எல்லவுக்குப் போகும் வழியில் தங்கவிருக்கும் தம்பதியிடமிருந்து பதில்!

அப்பா மட்டும் இன்னமும் பழைய ஜிமெயில் முகவரி அச்சிட்ட அட்டையையே கொடுக்கிறார். 500 அட்டை மீதமிருக்கிறதாம்.