மறு: வீட்டுக் கொதிகலன் சொற்கள் – ‘விரிவுதாங்கி’யைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு, செந்தூலிலிருந்து வணக்கம்.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனில், சூடேறிப் பெருகும் நீருக்கு இடம் தரும் கலனுக்கு (expansion vessel) ‘விரிவுதாங்கி’ என்ற தமிழ்ச் சொல்லைப் போன வாரம் நான் முன்வைத்தேன். அதற்கு வந்த மறுமொழிகளில் யாழ்ப்பாணத்து ஐயா எழுதியது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

> எங்கட பக்கம் தாங்கி எண்டால் தண்ணீர்த் தாங்கிதான். விரிவுதாங்கி எண்டு சொன்னால் நாங்கள் கூரைக்கு மேலேதான் பார்ப்பம்.

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் வைத்துத்தான் அந்தச் சொல்லை ஆக்கினேன். விரிவைத் தாங்குவது என்று பொருள்படும், ஆகவே நடுவில் ஒற்று மிகாது (‘விரிவுத்தாங்கி’ ஆகாது) என்று விளக்கமும் எழுதினேன். ஆனால் ஒற்று மிகுமா மிகாதா என்பதை வைத்துப் பொருளைப் பிரித்தறிய வேண்டிய சொல், போனில் பேசும்போது உதவாது. குளிர்நாட்டில் இந்தக் கருவியோடு அன்றாடம் வாழ்கிற தமிழர்களில் இலங்கைத் தமிழர்கள் ஏராளம். அவர்களைக் குழப்பும் சொல் வேண்டாம்.

‘கூரைக்கு மேலே பார்ப்பம்’ என்பது என் குடும்பத்தில் உண்மையாகவே நடந்தது. மகள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கிறாள். டிசம்பரில் அவள் வீட்டுக் கொதிகலனில் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (bar, அழுத்த அலகு) காட்ட வேண்டிய அழுத்தமானி முள், காலையில் பூஜ்யத்தில் கிடக்கும். நிரப்புக் குழாயைத் திறந்து 1.2க்குக் கொண்டுவருவாள். வீடு சூடேறியதும் முள் 3ஐத் தொடும். மறுநாள் காலையில் மறுபடியும் பூஜ்யம். எங்கோ ஒழுகுகிறது என்று கம்பளத்தையெல்லாம் தூக்கிப் பார்த்திருக்கிறாள். நான் போனில், “விரிவுத் தொட்டியைப் பாரும்மா” என்றேன். டார்ச் லைட்டோடு பரணில் ஏறிவிட்டாள். “அப்பா, தொட்டி காஞ்சி கெடக்கு. இதுல தண்ணி ஊத்தணுமா?”

அங்கே பழைய வீடுகளில் சூடேறிய நீர் பெருகினால் பரண்மேல் இருக்கும் திறந்த தொட்டிக்கு ஏறும். பிறகு மூடிய அமைப்புக்கு மாற்றியபோது பல வீடுகளில் அந்தத் தொட்டியை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். நான் சொன்ன சொல் அவளைப் பயன்படாத ஒரு பொருளிடம் அனுப்பிவிட்டது. தொட்டி என்றால் கூரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்று இங்கே கோலாலம்பூரில் வளர்ந்த பிள்ளை, வேறு எங்கே தேடுவாள்?

நான் சொல்ல நினைத்தது வேறு. குழாய்களிலும் ரேடியேட்டர்களிலும் 100 லிட்டர் நீர் இருந்தால், 10 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேறும்போது அது ஏறக்குறைய 3 லிட்டர் பெருகும். நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. மூடிய அமைப்பில் அந்த 3 லிட்டருக்கு இடம் வேண்டும். அதற்காக ஓர் எஃகுக் கலன், அதன் குறுக்கே ரப்பர்ச் சவ்வு. சவ்வின் ஒரு பக்கம் நீர், மறு பக்கம் அடைத்த காற்று. நீர் பெருகினால் காற்று சுருங்கி இடம் விடும், ஆறினால் காற்று நீரைத் திருப்பித் தள்ளும். வருடக்கணக்கில் அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டால், சூடேறியதும் அழுத்தம் எகிறும். 3 பாரில் காப்பு வால்வு திறந்து நீரை வெளிச்சுவர்ப் பக்கம் கொட்டிவிடும். ஆறிய பிறகு உள்ளே நீர் குறைந்திருக்கும். ஆக மாலையில் 3, காலையில் 0 என்பவை ஒரே கோளாறுதான். தினமும் புதுநீர் நிரப்புவது தீங்கும்கூட. புதுநீரோடு கரைந்துவரும் ஆக்சிஜன் ரேடியேட்டர்களை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும்.

கார் டயரில் இருப்பது போன்ற சிறிய வால்வு ஒன்று அந்தக் கலனில் இருக்கும். அதன் ஊசியை அழுத்தினால் நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலனை மாற்ற வேண்டும். காற்று மெலிதாக வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ காற்றடிக்க வேண்டும், அதுவும் நீர்ப்பக்க அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகு. கொதிகலனின் உட்பகுதியை எரிவாயு வேலைக்குப் பதிவு பெற்றவர்தான் அங்கே தொடலாம் என்பதால் அப்படிப்பட்ட ஒருவரை அழைக்கச் சொன்னேன். அவர் காற்றடித்துச் சரிசெய்தார்.

இதையெல்லாம் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது என் வாயில் தானாக வந்தது: “தலகாணி மாதிரிம்மா, காத்துத் தலகாணி.” உடனே அவள் கேட்டாள்: “அப்ப அதுல காத்து போயிடுச்சா?”

அந்தக் கேள்வியைத் தூண்டுகிற சொல்தான் நமக்கு வேண்டும். ஆகவே என் புதிய முன்மொழிவு: காற்றணை. கருவியை முழுதாகச் சுட்ட காற்றணைக் கலன். தலையணை, பஞ்சணை என்பவற்றில் வரும் அணை இது. நீரைத் தடுக்கும் அணையோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். ‘கலன்’ சேர்ந்தால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும் என்று நினைக்கிறேன்.

பினாங்கு நண்பர் ‘விரிவாக்கக் கலன்’ போதும் என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. விரிவாக்கம் என்றால் சாலை விரிவாக்கம், கடை விரிவாக்கம். நாமே முனைந்து செய்வது. வெப்பத்தில் நீர் தானே விரிகிறது. ‘விரிவுக் கலன்’ என்றால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனாலும் கலனுக்குள் எதைச் சோதிக்க வேண்டும் என்று அது சொல்லாது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் அடுக்குமாடிகளிலும் தரைவீடுகளிலும் நீரழுத்தம் கூட்டும் பம்பின் பக்கத்தில் ஒரு சிறு உருண்டைக் கலன் இருக்கிறதல்லவா? அதற்குள்ளும் இதே சவ்வு, இதே காற்று. அங்கே வெப்பமும் இல்லை, விரிவும் இல்லை. குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பம்பு ஓடாமல் காப்பதுதான் அதன் வேலை. ‘விரிவு’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது. காற்றணைக் கலன் இரண்டுக்கும் பொருந்தும்.

கொதிக்காத நீருக்குக் ‘கொதிகலன்’ ஏன் என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடலாம். செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் ஆவி எழுப்பும் கொதிகலனோடு இருபது வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் நிலைத்துவிட்ட சொல்லை அசைக்க வேண்டாம். அழுத்தமானி, சவ்வு, நிரப்புக் குழாய் ஆகியவற்றில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வால்வு வால்வாகவே இருக்கட்டும். ‘ஓரதர்’ அழகான சொல், ஆனால் இந்தக் குழுவுக்கு வெளியே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பினாங்கு நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அடுக்குமாடியில் பம்பு பார்க்க வரும் தமிழ்த் தம்பிகள் அந்த உருண்டைக் கலனை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருந்தால் ‘காற்றணை’யையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.