மரைனர் 9-க்கு ஓர் அண்ணன் இருந்தது

கவின்: பெரியப்பா, நாளை பள்ளியில், செவ்வாய்க்குப் போன அமெரிக்க விண்கலம் மரைனர் 9 பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். "வேறொரு கோளைச் சுற்றிய முதல் விண்கலம், 1971 நவம்பர் 14" என்று தொடங்கலாமா?

பெரியப்பா: தொடங்கலாம். ஆனால் மரைனர் 8-ஐ விட்டுவிடாதே கண்ணா. இரட்டை விண்கலங்களில் முதலில் கிளம்பியது அதுதான்.

கவின்: அது எங்கே போனது?

பெரியப்பா: அட்லாண்டிக் கடலுக்குள். போர்ட்டோ ரிக்கோவுக்கு வடக்கே சுமார் 560 கி.மீ.

அத்தை: ஐயோ, கிளம்பிய அன்றைக்கேவா அண்ணா?

பெரியப்பா: ஆமாம்மா. 1971 மே 8, புளோரிடாவில் இரவு ஒன்பது மணிக்கு மேல். கீழே இருந்த அட்லஸ் ராக்கெட் தன் வேலையைச் சரியாக முடித்தது. 265-ஆவது வினாடியில் மேலடுக்கு ராக்கெட்டான சென்டாரின் எஞ்சின் எரியத் தொடங்கியது. அப்புறம் அதன் மூக்கு மேலும் கீழும் ஆட ஆரம்பித்தது. ஆட்டம் முற்றி, குட்டிக்கரணம் போட்டது. உருண்ட உருளலில் எஞ்சினுக்கு எரிபொருள் வந்து சேரவில்லை. 365-ஆவது வினாடியில் அணைந்துவிட்டது.

கவின்: ஏன் ஆடியது?

பெரியப்பா: மூக்கை நேராகப் பிடிக்கும் மின்சுற்றில் ஒரு டயோடு கெட்டிருந்தது. மின்னழுத்தம் திடீரென ஏறினால் சுற்றைக் காக்க வைத்த டயோடு அது. சர்க்யூட் போர்டைப் பொருத்தும்போதே அடிபட்டிருக்கலாம் என்று கருதினார்கள்.

அத்தை: எத்தனை பேர் உழைப்பு. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

கவி அக்கா: சோவியத்துக்கும் அதே வாரம்தான் அத்தை. மே 10-இல் அவர்களுடைய விண்கலம் காஸ்மோஸ் 419 கிளம்பியது. பூமியின் சுற்றுப்பாதையிலிருந்து அதைச் செவ்வாய்க்குத் தள்ள வேண்டிய எஞ்சின் ஒன்றரை மணி நேரத்தில் எரிய வேண்டும். டைமரில் ஒன்றரை ஆண்டு என்று வைத்துவிட்டார்கள். 2 நாளில் விழுந்துவிட்டது.

அத்தை: கடவுளே!

கவின்: அப்போது மரைனர் 8 செய்ய வேண்டிய வேலை?

பெரியப்பா: அதைத்தான் நீ பேச வேண்டும். மரைனர் 8 துருவங்கள் வரை வரைபடம் எடுப்பதாக இருந்தது, கோளின் நடுக்கோட்டுக்கு 80 பாகை சாய்ந்த பாதையில். மரைனர் 9 ஒரே இடங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். அண்ணன் போனதும் இரண்டு வேலையும் தம்பி தலையில். பாதையை 65 பாகைக்கு மாற்றி, மே 30 அன்றே அனுப்பிவிட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது கோள் முழுக்கப் புழுதிப் புயல். அது அடங்கும் வரை காத்திருந்து, மொத்தம் 7,329 படங்கள் அனுப்பியது.

கவின்: சரி பெரியப்பா, மே 8 இரவிலிருந்தே தொடங்குகிறேன்.

பெரியப்பா: 80, 65 இரண்டு பாதையையும் கரும்பலகையில் வரைந்து காட்டு. வரைந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்பு.