ஆடிட்டர் அலுவலகப் படியேறிய அனுபவம்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தவர்கள் எழுதுங்கள்

பாலக்கோட்டுப் பெண்

ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

பி.காம் மூன்றாம் ஆண்டு. ஒரு மாதப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அது எப்படிப்பட்ட அலைச்சல் என்பது உங்களுக்குத் தெரியும். தருமபுரி நான்கு ரோடு பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகம். மூன்றாவது முறை போனபோதுதான் ஆடிட்டரைப் பார்க்க முடிந்தது. அவர் என் பயோடேட்டாவைத் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இதுவரை யாருக்காவது கணக்கு எழுதியிருக்கிறாயாம்மா?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றேன்.

"சரி, தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்."

ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்பாவின் தக்காளிக் கணக்கு முழுவதும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. எத்தனை பெட்டி போனது, என்ன விலைக்கு ஏலம் போனது, கமிஷன் எவ்வளவு, இறக்குகூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, மண்டியில் வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று ஐந்து நீள நோட்டுகள். போன ஆண்டு ஒரே முன்பணத்தை மண்டியில் இரண்டு முறை பிடித்திருந்தார்கள். நோட்டை எடுத்துப் போய்க் காட்டி 2,400 ரூபாயைத் திரும்ப வாங்கியதும் நான்தான். அப்படியிருந்தும் "இல்லை" என்று எப்படிச் சொன்னேன்? மண்டி நோட்டு கணக்குதான் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

உங்களில் யாருக்காவது இப்படி வாயடைத்துப் போனதுண்டா?

ஓசூர், பாகலூர் சாலை

எனக்கு வாய் அடைக்கவில்லை. தப்பாகத் திறந்துவிட்டது.

சிப்காட்டில் இருக்கும் நிறுவனங்களுக்கு நாற்பது மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றே ஒன்று கூப்பிட்டது. எந்திர உதிரிபாகம் செய்கிற இடம், பெயர் வேண்டாம். கணக்குப் பிரிவு மேலாளர் ஒரு பில்லை நகர்த்தி, "டேலியில் எதில் போடுவாய்?" என்றார். டேலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள். எஃப்9 விசை, கொள்முதல் என்று உடனே சொன்னேன். "வரி?" மத்திய ஜிஎஸ்டி 9 விழுக்காடு, மாநில ஜிஎஸ்டி 9 விழுக்காடு, இரண்டையும் உள்ளீட்டு வரியாக வரவு எடுக்கலாம், அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றேன். குரலில் அவ்வளவு நம்பிக்கை.

அவர் ஒன்றும் பேசவில்லை. பென்சிலை எடுத்து, விற்றவருடைய ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டார். 29, கர்நாடகத்தின் குறியீடு. பிறகு கீழே வாங்கியவர் எண்ணில் இன்னொரு வட்டம். 33, தமிழ்நாட்டின் குறியீடு. அவர்களுடைய ஆள் பெங்களூரு கடையில் டிரில் பிட் வாங்கியபோது போட்டுக் கொடுத்த பில் அது. கர்நாடகத்துக்குள் நடந்த விற்பனையாகக் காட்டி வரி போட்டிருந்தார்கள். அந்த வரி நமக்கு வரவாக வராது. ஜிஎஸ்டி தளம் மாதந்தோறும் தருகிற 2பி அறிக்கையிலேயே வரவு கிடையாது என்ற பகுதியில்தான் வந்து நிற்கும்.

அந்த பென்சில் வட்டம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. எல்லை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். என் அப்பா தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார். ஜிஎஸ்டி தாளில் நான் 81 மதிப்பெண். ஆனால் மூன்று ஆண்டில் ஓர் உண்மையான பில்லைக் கையில் கொடுத்து 'இதைப் பார்' என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. கரும்பலகையில் எழுதிய தொகைகளை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தோம்.

கிருஷ்ணகிரி கணக்காளர்

ஓசூர்த் தம்பி கல்லூரியைக் குறை சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பில் மளிகைக் கடையில் கிடைக்கிறது, மருந்துக் கடையில் கிடைக்கிறது, பெட்ரோல் பங்கில் கிடைக்கிறது. வீட்டுக்கு வருகிற பில்லை ஒரு நாளாவது படித்துப் பார்த்தீர்களா? யாராவது கையில் கொடுத்தால்தான் பார்ப்பேன் என்றால் இந்தத் தொழில் கைக்கு வராது.

என் கதை சிறியது. 2011-இல் பழையபேட்டையில் ஓர் ஆடிட்டரிடம் சேர்ந்தேன். இரண்டு வாரம் வவுச்சரைத் தேதிவாரியாக அடுக்கித் துளை போட்டுக் கோப்பில் கட்டுவதுதான் வேலை. கட்டும்போதே ஓரத்தில் பென்சிலால் ரொக்க இருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு தேதியில் கையிருப்பு கழித்தல் குறியில் போனது. பெட்டியில் இல்லாத பணத்தை ஒருவர் எப்படிக் கொடுத்திருக்க முடியும்? எழுந்து போய்ச் சொன்னேன். ஆடிட்டர் தன் பக்கத்து நாற்காலியில் இருந்த கோப்புகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, "உட்கார்" என்றார். அந்த நாற்காலியில் ஏழு ஆண்டு உட்கார்ந்தேன்.

இப்போது விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு. முதலில் எந்த நாளில் போகிறோம் என்று பாருங்கள். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர அறிக்கை. 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற ஜிஎஸ்டி சுருக்க அறிக்கை. இந்த நாள்களை ஒட்டிப் போய் நின்றால் எந்த ஆடிட்டரும் தலை நிமிர மாட்டார். வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30 என்பதால் அந்த மாதம் பக்கமே போகாதீர்கள். 20 முடிந்து மாதக் கடைசிக்குள் போவது உத்தமம். மின்னஞ்சலை நம்பாதீர்கள், நேரில் போய் நில்லுங்கள்.

இரண்டாவது, பயிற்சி வேறு, ஆர்ட்டிகிள்ஷிப் வேறு. ஒரு மாதச் சான்றிதழுக்குப் போய் 'ஆர்ட்டிகிள்ஷிப் வேண்டும்' என்று கேட்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அது சி.ஏ படிப்பின் பகுதியாக ஆடிட்டரிடம் இருந்து பெறுகிற நீண்ட காலப் பயிற்சி. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் மூன்று ஆண்டு இரண்டு ஆண்டாகக் குறைந்தது. இடைநிலைத் தேர்வின் இரண்டு பிரிவிலும் தேறிய பிறகுதான் அதில் சேர முடியும். பி.காமில் 55 விழுக்காடு எடுத்தால் முதல் நிலைத் தேர்வு (ஃபவுண்டேஷன்) இல்லாமல் நேரடியாக இடைநிலைக்குப் பதியலாம். இதைத் தெரிந்துகொண்டு போனால் கேட்கும் கேள்விக்குத் தடுமாற மாட்டீர்கள்.

மூன்றாவது, 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தை நம்பி இரண்டாம் ஆண்டிலேயே காத்திருக்காதீர்கள். தொடங்கியபோதே 21 முதல் 24 வயது, முழுநேரப் படிப்பில் இல்லாதவர் என்று வரம்பு வைத்தார்கள். அது படிப்பை முடித்தவர்களை நினைத்துப் போட்ட திட்டம்.

நான்காவது, பயோடேட்டாவில் 'கடின உழைப்பாளி' என்று எழுதுவதை விடுங்கள். வங்கிச் சரிகட்டும் பட்டியல் (வங்கிக் கணக்கையும் நம் ஏட்டையும் ஒப்பிடுவது) போடத் தெரியும் என்றால் அதை எழுதுங்கள்.

பென்னாகரம் பக்கம்

நேரில் போய் நில்லுங்கள் என்று கிருஷ்ணகிரி அண்ணன் எழுதியிருக்கிறார். நின்றேன். எங்கே நிற்க முடியவில்லை என்பதையும் கேளுங்கள்.

தருமபுரியில் ஓர் அலுவலகம். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். தேய்மானம் கேட்டார், இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் பட்டியல்) சமமாக இருந்தும் பிழை இருக்குமா என்று கேட்டார், நன்றாகவே சொன்னேன். அவருக்கும் பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. கடைசியாக, "தணிக்கை நேரத்தில் இரவு ஒன்பது மணி ஆகும். இருப்பாயா?" என்றார். கேள்வி என்னிடம்தான். ஆனால் அவர் பார்த்தது என்னை அல்ல, கதவருகே ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற என் அப்பாவை.

"முடியாதுங்க" என்றார் அப்பா.

அப்பா மேல் தப்பில்லை. பென்னாகரம் வந்து அங்கிருந்து எங்கள் ஊருக்குப் போக எட்டரைக்குமேல் பஸ் கிடையாது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதெல்லாம் பஸ் இருந்தால்தானே. ஆனால் இரண்டு மாதமாக என்னை அரிப்பது வேறு. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. தருமபுரியில் சித்தி வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

மாங்கூழ் ஆலையில் 45 நாள்

எனக்குப் பயிற்சி எளிதில் கிடைத்தது. ஜூன் மாதம், மாங்கூழ் ஆலை, கணக்குப் பிரிவு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்த மாதம் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். பெங்களூரா ரகம் ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் இரவெல்லாம் வரிசையில் நிற்கும். சம்பளம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு. எடைமேடைச் சீட்டுகளைக் கொள்முதல் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.

ஒருநாள் காலை ஜன்னலருகே ஒரு பெரியவர் வந்தார். தலையில் துண்டு, கண் சிவந்து கிடந்தது, இரவு முழுவதும் வண்டியிலேயே இருந்திருக்கிறார். சீட்டை நீட்டி, "தம்பி, இதைப் படித்துச் சொல்லு, எடை கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது" என்றார். மொத்த எடை 4,860 கிலோ. காலி வண்டி 1,910. நிகரம் 2,950 வர வேண்டும். கையால் எழுதிய கட்டத்தில் 2,590 என்று இருந்தது. வித்தியாசம் 360. ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிற வித்தியாசம் வந்தால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார் என்று முதலாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். (ஓசூர் நண்பரே, கரும்பலகையில் படித்ததுதான் அன்று எனக்குக் கண்ணைத் திறந்தது.)

மேற்பார்வையாளரிடம் ஓடினேன். அவர் போனில் இருந்தார். "சீட்டில் என்ன இருக்கிறதோ அதை ஏற்று, மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். திரும்பி வந்து ஜன்னலில் நின்றேன்.

"சரியாகத்தான் இருக்கிறது ஐயா" என்றேன்.

அவர் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நீ படித்த பிள்ளை, நீ சொன்னால் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கிலோ ஆறு ரூபாய் என்றாலும் 2,160 ரூபாய்.

பாலக்கோட்டுத் தங்கையே, நீங்கள் வாயடைத்து நின்றதில் உங்களுக்குத்தான் நட்டம். நான் வாய் திறந்து சொன்னதில் இன்னொருவருக்கு நட்டம். தேதியும் திட்டமும் சொன்ன அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன்: தப்பு என்று தெரிந்த எண்ணை ஏற்றச் சொன்னால், சான்றிதழ் இன்னும் கைக்கு வராத மாணவன் என்ன செய்ய வேண்டும்?

கிருஷ்ணகிரி கணக்காளர்

தம்பி, சீட்டில் உள்ளதை ஏற்றியது குற்றமில்லை. ஏற்றிவிட்டுப் பக்கத்தில் குறிப்பு எழுதி, தேதி போட்டு, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்துக் கேட்டால் பாதிப் பேர் உடனே திருத்திவிடுவார்கள். ஆனால் அந்தப் பெரியவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. "பார்க்கிறேன் ஐயா" என்று நிறுத்தியிருக்கலாம்.

பென்னாகரத்துப் பெண்ணுக்கு: நான் எழுதியபோது உங்கள் ஊர் பஸ்ஸை நினைக்கவில்லை. அது என் பிழை.

பாலக்கோட்டுப் பெண்

அண்ணா, நான் தேதி கேட்கவில்லை என்று முதலில் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் நான் போன மூன்று முறையில் இரண்டு முறை 19, 20 தேதிகள்தான். இந்த மாதம் 23-ஆம் தேதி ஐந்து நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போகிறேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் மேசைமேல் வைக்கப்போகிறேன்.

மாங்கூழ் ஆலை அண்ணா, மாதக் கடைசியில் அந்த 360 கிலோவைச் சரிசெய்தார்களா?

மாங்கூழ் ஆலையில் 45 நாள்

நான் இருந்தவரை அதற்குத் திருத்தப் பதிவு எதுவும் வரவில்லை. நினைவூட்ட இரண்டு முறை வாயெடுத்தேன், இரண்டு முறையும் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. அந்த வாரமே சீட்டின் ஆலைப் பிரதியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். வண்டி எண் தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் நோட்டைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் இருந்தீர்கள், 2,400 திரும்பி வந்தது. அந்தப் பெரியவர் வீட்டில் சீட்டைப் பிரித்து நோட்டில் ஏற்ற யாராவது இருந்திருப்பார்களா?