17 வயது இந்திய அணி: ஆட்டக்காரனை வளர்க்கிறதா, வளர்ந்தவனைப் பொறுக்குகிறதா?

கௌதமபுரா சேகர்

நேற்று காலை பீலே சிலைக்கு எதிரே டீக்கடையில் ஆரம்பித்த சண்டை. அங்கே முடியவில்லை, இங்கே கொண்டுவருகிறேன். (கௌதமபுரா தெரியாதவர்களுக்கு: அல்சூர் பக்கம். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசாவோடு பீலேவுக்கும் சிலை வைத்திருக்கும் ஏரியா. வீட்டில் தமிழ், தெருவில் ஃபுட்பால்.)

17 வயதுக்குட்பட்டோர் அணி என்று ஒன்றை வைத்து, மாதக்கணக்கில் கேம்ப் போட்டு, வெளிநாடு கூட்டிப்போவதால் பிரயோஜனம் உண்டா? உண்டு என்பது என் கட்சி. 2017-ல் இங்கே நடந்த 17 வயது உலகக்கோப்பையையே பாருங்கள். டெல்லியில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி: அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. சரி, தோற்றார்கள். ஆனால் அந்த 21 பேரில் சுரேஷ், ஜீக்சன், அபுயா, அன்வர் அலி, ரஹீம் அலி, அமர்ஜித் எல்லாரும் பின்னால் சீனியர் அணிக்கு ஆடிவிட்டார்கள். சுரேஷ் நம்ம கண்டீரவா ஸ்டேடியத்தில் மூச்சு வாங்காமல் ஓடுவதைப் பார்த்தவர்கள்தானே நாம்?

ஆஸ்டின்டவுன் ஜெரால்டு

சேகரண்ணா, குழம்பு வைத்தவரை விட்டுவிட்டுப் பரிமாறினவருக்குப் பேர் கொடுக்கிறீர்கள். அமர்ஜித்தும் ஜீக்சனும் மணிப்பூரிலிருந்து சின்ன வயதிலேயே சண்டிகர் அகாடமிக்குப் போய் அங்கே ஆட்டம் கற்றவர்கள். ஜீக்சன் முதலில் இந்த அணியிலேயே இல்லை. அவர் இருந்த பஞ்சாப் கிளப் மினர்வாவின் பையன்கள் இந்த 17 வயது தேசிய அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடி ஜெயித்தார்கள். அதற்கு அப்புறம்தான் புதுக் கோச் மாத்தோஸ் கண்ணில் பட்டார். கேம்பிலேயே கிடந்த அணியைக் கேம்ப் பக்கமே போகாத பையன்கள் அடித்தார்கள். அந்த உலகக்கோப்பையில் இந்தியா போட்ட ஒரே கோல் யாருடையது? கடைசியில் வந்து சேர்ந்த ஜீக்சனுடையது.

இன்னொரு பேர் சொல்கிறேன். சிவசக்தி. சிவகங்கைப் பக்கம் கண்டனூர்க்காரர், 2001-ல் பிறந்தவர். 2017 அணிக்கு வயது சரியாக இருந்தது, ஆனால் அதில் அவர் இல்லை. பெங்களூரு எஃப்சி ரிசர்வ் அணியில் ஆடி மேலே வந்து, 2022 டூரண்ட் கோப்பை ஃபைனலில் கோல் போட்டார். அவரை எந்தக் கேம்ப் வளர்த்தது?

பனஸ்வாடி குரு

டீக்காசை யார் கொடுத்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கௌதமபுரா சேகர்

நான்தான். வழக்கம்போல.

தம்பி ஜெரால்டு, அந்த கோலையே எடுத்துக்கொள். 82-வது நிமிடம், கார்னர். அடித்தது நம்ம பெங்களூர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின். ஜீக்சன் எகிறித் தலையால் முட்டினார். ஒருவர் இந்த மூலை, ஒருவர் அந்த மூலை. இவர்கள் சேர்ந்து ஆட ஒரு இடம் வேண்டுமா இல்லையா?

அடுத்த வருடம் ஸ்பெயினில் கோடிஃப் கோப்பை, இளைஞர் அணிகளுக்கான போட்டி. நம்முடைய 20 வயது அணி பத்துப் பேரோடு ஆடி அர்ஜென்டினாவை 2-1 என்று அடித்தது. எதிர்ப் பக்கம் கோச் யார் தெரியுமா? ஸ்கலோனி. நாலு வருடம் கழித்து கத்தாரில் உலகக்கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஆள். ஜெர்மனியையும் பார். 2009-ல் 21 வயது ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தவர்களில் நோயர், ஹம்மல்ஸ், போவடெங், ஹோவெடஸ், கெதிரா, ஓசில் என்று ஆறு பேர் 2014 உலகக்கோப்பையையும் தூக்கினார்கள். சின்ன வயதிலிருந்து சேர்ந்து ஆடினால் இதெல்லாம் நடக்கும்.

ஆஸ்டின்டவுன் ஜெரால்டு

அந்த கோடிஃப் கோப்பையை ஜெயித்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்களே அண்ணா. அதே அர்ஜென்டினாதான்.

ஜெர்மனி ஆறு பேரும் கிளப்பில் வளர்ந்தவர்கள். 21 வயது அணி அவர்களுக்குக் கல்யாண வீடு மாதிரி: கூப்பிட்டால் வருவார்கள், ஆடுவார்கள், அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாம் கல்யாண மண்டபத்திலேயே குடித்தனம் நடத்துகிறோம். அப்புறம் நைஜீரியா. 17 வயது உலகக்கோப்பையை ஐந்து தடவை வாங்கிய நாடு. 2013, 2015 இரண்டையும் அடுத்தடுத்து. பெரியவர்கள் உலகக்கோப்பையில் கடைசி 16-ஐ ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. 2022-க்கு உள்ளேயே வரவில்லை. சின்ன வயதில் கோப்பை வாங்குவதும் ஆட்டக்காரனை வளர்ப்பதும் ஒன்றா?

ராஜி, ஜாலஹள்ளி

நடுவில் பேசுகிறேன், மன்னிக்கவும். என் பையன் பிறந்தது டிசம்பர் 27. வயதுக் கணக்கு ஜனவரி 1-லிருந்து. ஐந்து நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த கூட்டத்துக்கே இவன் மூத்தவன். இப்போது தன்னைவிட ஏறக்குறைய ஒரு வருடம் பெரியவர்களோடு மோதுகிறான். பதினாலு வயதில் ஒரு வருடம் என்றால் அரையடி உயரம், ஒரு கை மீசை.

ஒரு செலக்‌ஷனுக்குப் போனோம். எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். விடியற்காலை பஸ். சட்டைக்கு மேல் மாட்ட, முதுகில் 41 என்று எண் போட்ட ஒரு பிப், முழங்கால் வரை தொங்கியது. இருபது நிமிடம் விட்டார்கள். லெஃப்ட் பேக்கில், தடுப்பு வரிசையில் நிறுத்தினார்கள், இவன் ஆடுவது நடு மைதானம். பந்து மூன்று தடவை காலில் பட்டது, எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை ஒருவனைத் தாண்டி அழகாக ஒரு பாஸ் போட்டான். குறிப்பெடுக்க வேண்டியவர் அந்த நேரம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பும்போது பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினான். படியில் ஸ்டட் சத்தம் டக் டக் என்று கேட்டது.

சேகரண்ணா, அந்த அணியில் இடம் கிடைப்பது இருபத்துச் சொச்சம் பேருக்கு. ஜெரால்டு தம்பி, கிளப் வளர்க்கும் என்கிறீர்கள். கிளப் அகாடமி வாசலிலும் இதே பிப், இதே இருபது நிமிடம்தான்.

ஆஸ்டின்டவுன் ஜெரால்டு

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோச் சார், அசோக் நகர்

நான் பொதுவாக எழுதுவதில்லை. குரு தூண்டிவிட்டான்.

ராஜிம்மா சொன்ன பிறந்த மாத விஷயம் உண்மை. எங்கள் 13 வயது பையன்கள் பட்டியலை ஒரு தடவை தேதி வாரியாக எழுதிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஏப்ரலுக்குள் பிறந்தவர்கள். தேர்ந்தெடுத்தது நான்தான். திறமையைப் பார்த்து எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எடுத்தது உயரத்தை.

சேகர், கொலம்பியா ஆட்டத்தில் கோல் வரை சொல்லி நிறுத்திவிட்டாய். அடுத்த நிமிடம் என்ன ஆயிற்று? கொண்டாட்டம் அடங்கும் முன் திருப்பி வாங்கினோம். 1-1 என்றால் நேரத்தைக் கடத்த வேண்டும், பந்தைக் கொஞ்ச நேரம் செத்த இடத்தில் வைக்க வேண்டும். கீப்பர் மெதுவாக எடுக்க வேண்டும், ஒருத்தன் லேஸ் கட்ட வேண்டும். இதைக் கேம்பில் சொல்லித்தர முடியாது. புள்ளிக்காக ஆடும் லீக்கில் நாற்பது ஆட்டம் ஆடியவனுக்குத் தானாக வரும்.

அதனால்தான் எனக்கு இந்தியன் ஆரோஸ் பிடிக்கும். 2010-ல் இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஆரம்பித்த, லீக்கில் ஆடும் பையன்கள் அணி. பின்னால் சீனியர் அணியில் ஃபார்வர்டாக ஆடிய ஜேஜே அதில் ஆடியவர். 2013-ல் மூடினார்கள். 2017-ல் உலகக்கோப்பைப் பையன்களுக்காகத் திறந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டியை 3-0 என்று அடித்தார்கள், நம் மனதுக்கு அது கஷ்டம்தான். 2022-ல் மறுபடி மூடினார்கள். கடை திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் வாடிக்கை எப்படி நிலைக்கும்?

ஆஸ்டின்டவுன் ஜெரால்டு

சார், அந்த அணி 2017-18-ல் ஐ-லீக் என்கிற தேசிய லீக்கில் கடைசி இடம். ஆனால் கீழ் லீக்குக்கு இறக்கமாட்டார்கள் என்று விதி. தோற்றால் ஒன்றும் ஆகாது என்கிற இடத்தில் லேஸ் கட்டவா கற்பான்?

கோச் சார், அசோக் நகர்

சரியான கேள்வி. பாதிதான் கற்பான். வாரா வாரம் பெரியவர்களிடம் இடி வாங்கினதாவது மிச்சம். உன் கிளப்புகள் 17 வயதுப் பையனை பெஞ்சில் உட்கார வைத்து, ஃபார்வர்டு இடத்தில் வெளிநாட்டுக்காரரை ஆடவிடுகின்றன. அங்கே இடிகூடக் கிடையாது.

கௌதமபுரா சேகர்

அப்படியென்றால் அணி வேண்டும், கேம்ப் வேண்டாம் என்கிறீர்களா சார்?

கோச் சார், அசோக் நகர்

கேம்ப் பத்து நாள் போதும். மீதி நாளெல்லாம் ஆட்டம் வேண்டும்.

ராஜிம்மா, ஞாயிறு காலை ஆறரைக்கு எங்கள் பையன்கள் பெரியவர்களோடு ஆடுவார்கள். 41-ஐக் கூட்டி வாருங்கள். நடு மைதானத்தில்தான் நிறுத்துவேன், முழு ஆட்டமும். பிப் மட்டும் சின்னதாக ஒன்று தேட வேண்டும்.

பனஸ்வாடி குரு

டீ?

கோச் சார், அசோக் நகர்

சேகர் கொடுப்பான்.