கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுக்கச் சொல்கிறார்கள், சரிதானா?

செல்வி:
என் அக்காவுக்கு 43 வயது, இரண்டு பிள்ளைகள். ஒரு வருஷமாக மாதவிலக்கு பத்து நாள் வரை இழுக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது, பஸ்ஸில் பழைய புடவையை மடித்துப் போட்டுத்தான் உட்காருகிறாள். ஹீமோகுளோபின் 7.8. ஸ்கேனில் கர்ப்பப்பையில் 5 செ.மீ. நார்க்கட்டி. டாக்டர் ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை. "பையை எடுத்துவிடலாம், சினைப்பை இரண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டால் பின்னாளில் புற்றுநோய் பயம் இருக்காது" என்று சொல்லி அடுத்த வாரமே தேதி கொடுத்துவிட்டார். அக்காவும் பயத்தில் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். செய்துகொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மலர்:
எனக்கு 46 வயதில் லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்கள், சினைப்பைகளை விட்டுவைத்தார்கள். வயிற்றில் நான்கு சின்னத் துளைகள். மறுநாள் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு நடக்கவைத்தார்கள். துளை போட்ட இடத்தைவிடத் தோள்பட்டைதான் இரண்டு நாள் வலித்தது, வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவால் அப்படி இருக்குமாம், பயந்துவிட வேண்டாம். ஆறு வாரம் தண்ணீர்க்குடம் தூக்கவில்லை. என் நாத்தனாருக்கு 41 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஃபேனுக்கு அடியில் படுத்தும் நைட்டி நனைகிறது, தூக்கமே இல்லை.

தியேட்டர் நர்ஸ்:
18 வருஷமாகப் பார்க்கிறேன் செல்வி, அவசரப்படாதீர்கள். மாதவிலக்கு நிற்கும் முன்பே சினைப்பைகளை எடுத்தால் ஹார்மோன் ஒரே நாளில் சரிந்துவிடும், எலும்பும் இதயமும் சீக்கிரம் பலவீனமாகும். அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ மார்பகம் அல்லது சினைப்பையில் புற்றுநோய் வந்திருந்தாலோ, ஸ்கேனில் சினைப்பையில் சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தாலோ பேச்சு வேறு. நார்க்கட்டி புற்றுநோயாவது மிக அரிது.

முதலில் கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருந்தால், அளவைப் பார்த்து, வயிற்றைக் கிழிக்காமல் ஹிஸ்டிரோஸ்கோப்பியில், அதாவது கேமரா உள்ள மெல்லிய குழாயை விட்டு, கீழ்வழியாகவே எடுக்க முடியும். உட்குழியின் வடிவம் கெடவில்லை என்றால் கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் வளையம் (காப்பர்-டி மாதிரி, ஹார்மோன் சுரப்பது) வைத்துப் பார்க்கலாம், பலருக்கு உதிரப்போக்கு நன்றாகக் குறைந்து சில வருஷங்களுக்கு நிம்மதி கிடைக்கிறது. டி அண்ட் சி (உள்சவ்வைச் சுரண்டி எடுப்பது) செய்தால் தற்காலிகமாக நிற்கும், கட்டி அங்கேயேதான் இருக்கும். எதைச் செய்வதாக இருந்தாலும் அதற்கு முன் கர்ப்பப்பை உள்சவ்வில் பயாப்சி (சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது) எடுத்தார்களா என்று கேளுங்கள், இந்த வயதில் அதை விடவே கூடாது. ஹீமோகுளோபின் 7.8 என்று இவ்வளவு குறைவாக இருப்பதை வைத்துக்கொண்டு அவசரமில்லாத ஆபரேஷனுக்கு எதற்குப் போக வேண்டும்? இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றி முதலில் அதைத் தேற்றுங்கள்.

கண்ணன்:
மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பை எடுத்தது 2019-இல் பெரிய செய்தியானது. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, மாநிலங்கள் அதை மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. இன்னொரு டாக்டரிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கடைசியில் ஆபரேஷன்தான் என்று முடிவானால், ஒப்புதல் படிவத்தில் எதையெல்லாம் எடுக்கப்போகிறார்கள் என்று தமிழில் எழுதி வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

செல்வி:
எல்லாவற்றையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பயாப்சி எதுவும் எடுக்கவில்லையாம். சினைப்பையை எடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவே இல்லை என்று அழுதுவிட்டாள். அந்தத் தேதியை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வியாழக்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறோம், நர்ஸம்மா எழுதிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.