புதுப்பிப்பு: தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பதின்ம வயது மகளுக்குக் கிடைத்த உதவி

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள் என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்கச் சொன்ன யோசனையே வழி திறந்தது. கட்டணமில்லை; தமிழிலேயே பேசினார்கள். அதன்பிறகு ஈரோட்டில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று அவளிடம் தனியாகக் கேட்டாராம். எனக்குத் திக்கென்றது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று விளக்கினார். அவளுக்கு அது இல்லை. தாங்க முடியாத மனவேதனையைச் சற்றுத் தணிக்கவே அப்படிச் செய்திருக்கிறாள். ஆனாலும் பின்னாளில் தற்கொலை அபாயம் கூடலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய, டிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சையின் பயிற்சிகளைக் கற்றுத்தருகிறார்கள். நான் எதிர்பாராதது, அதில் பெற்றோருக்கும் பாடம் இருந்ததுதான். திட்டாமல், சோதனை போடாமல், முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். வீட்டில் அதை முதலில் பிடித்துக்கொண்டவர் அம்முச்சி, அதாவது அவளுடைய அம்மாவழிப் பாட்டி! இன்னும் முழுதாக நிற்கவில்லை; ஆனால் மனம் கொதிக்கும்போது மகள் அவரிடம்தான் போய்ச் சொல்கிறாள்.

பாரியூர் அம்மனிடம் வேண்டச் சொன்னவர்களுக்கு: வேண்டிக்கொண்டோம், சிகிச்சையையும் விடவில்லை.