ஆய்வேட்டு வழிகாட்டியின் உண்மையான ஆய்வு ஆர்வத்தை அறிவது எப்படி?

கேள்வி (டெல்லி, எம்.டி. முதலாண்டு): பொது மருத்துவத் துறையில் ஆய்வேட்டு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரி இணையதளத்தில் எல்லாப் பேராசிரியர்களின் ஆர்வமும் ‘நீரிழிவு, தொற்றுநோய்’ என்றே போடப்பட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில் 1: அந்தப் பக்கத்தை விடுங்கள், தம்பி. பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் பெயரோடு கல்லூரியையும் சேர்த்துத் தேடி, கடந்த ஐந்தாண்டுகளில் அவர் கடைசி ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஆய்வை வழிநடத்தியவரின் பெயரே அந்த இடத்தில் வரும்.

பதில் 2: 2007இல் தொடங்கப்பட்ட சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைகள் பதிவேட்டையும் பாருங்கள். மருந்துப் பரிசோதனைகளை அதில் பதிவது 2009 முதல் கட்டாயம் என்பதால், கட்டுரையாக இன்னும் வெளிவராத ஆய்வுகளும் முதன்மை ஆய்வாளரின் பெயருடன் அங்கே கிடைக்கும். காசநோய்தான் தன் துறை என்றார் என் வழிகாட்டி. பதிவேட்டில் அவர் பெயரில் இருந்த மூன்றும் கல்லீரல் கொழுப்பைப் பற்றியவை!

கேள்வி கேட்டவர்: நன்றி, அக்கா. நான் நினைத்திருந்தவர் சிறுநீரகப் பாதிப்பைப் பற்றியே எழுதியிருக்கிறார். நாளை புறநோயாளிப் பிரிவு முடிந்ததும் அவரையே நேரில் கேட்கிறேன்.